பிட்சரின் பின்காலைப் பார்ப்பது எப்படி

2017-ல் நியூஜெர்சியில் ஒரு பள்ளி சாஃப்ட்பால் ஆட்டம். என் மகள்தான் பிட்சர், அதாவது பந்து வீசுபவள். அடுத்தடுத்து மூன்று வீச்சுகளைச் செல்லாது என்றார் அம்பயர். வீடு திரும்பும்போது காரில், "அப்பா, நான் என்ன தப்பு பண்ணினேன்?" என்று கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அடுத்த பருவத்துக்குள் அம்பயர் வகுப்பில் சேர்ந்துவிட்டேன். இங்கே சொல்வதெல்லாம் என்எஃப்எச்எஸ், அதாவது அமெரிக்க உயர்நிலைப் பள்ளி விளையாட்டுச் சங்கங்களின் தேசியக் கூட்டமைப்பு, வகுத்த விதிப்படி.

வீச்சு தொடங்கும் முன்பே பார்க்க வேண்டியது கொஞ்சம் உண்டு. பிட்சர் கால் வைத்து வீசும் பலகை 24 அங்குல நீளம், 6 அங்குல அகலம். பிவட் கால், அதாவது வலக்கைக்காரிக்கு வலது கால், அந்தப் பலகை மேல் பட்டிருக்க வேண்டும். மறு கால் பலகையைத் தொட்டோ பின்னாலோ இருக்கலாம். அந்த மறு காலால் முன்னால் எடுத்து வைக்கும் அடி, பலகையின் 24 அங்குல நீளத்துக்கு நேரான பாதைக்குள் விழ வேண்டும். இதை ஹோம் பிளேட் (பேட்டர் நிற்கும் இடம்) அம்பயர் நேர் எதிரே நின்று பார்ப்பதால், அவரிடமே விட்டுவிடலாம்.

சிரமம் பின்காலில்தான், அதாவது அந்தப் பிவட் காலில். முன்பெல்லாம் இரண்டு கால்களும் ஒரே நேரத்தில் தரையை விட்டால் அதுவே தவறு. இப்போது அப்படி இல்லை. கால்கள் காற்றில் இருக்கலாம். ஆனால் பந்து கையை விடும் முன் பிவட் காலை மறுபடி ஊன்றி, அங்கிருந்து உந்தக் கூடாது. இதைத்தான் க்ரோ ஹாப் என்கிறோம். அப்படி உந்தினால் பலகையிலிருந்து வீச வேண்டிய பந்து பேட்டருக்கு இன்னும் நெருக்கத்திலிருந்து வருகிறது. பெண்கள் ஆட்டத்தில் பலகையிலிருந்து ஹோம் பிளேட் வரை மொத்த தூரமே 43 அடிதான். பேட்டருக்கு அந்த ஓரிரு அடி பெரிய இழப்பு.

அதனால் காற்று இடைவெளியைத் தேடாதீர்கள், எடையைத் தேடுங்கள். பக்கவாட்டில், முதல் பேஸ் (ஓடுபவர்கள் முதலில் தொட வேண்டிய இடம்) அம்பயர் நிற்கும் கோணம் இதற்கு நல்லது. பந்தைப் பின்தொடராமல், கை இடுப்பைத் தாண்டும்வரை கண் காலிலேயே இருக்கட்டும். விதிப்படி வீசும்போது தரையில் இழுபடும் பின்காலில் கட்டைவிரல் கீழ்நோக்கி இருக்கும். உடம்பின் பின்னால் லேசாக வரும். க்ரோ ஹாப்பில் பாதம் தட்டையாகப் பதியும், முழங்கால் மடங்கும், இடுப்பு சற்று இறங்கி, அங்கிருந்து மறுபடி எழும். அந்த நேரம் கை எங்கே என்று பாருங்கள். கை இன்னும் மேலே சுற்றிக்கொண்டிருக்க, கால் எடை தாங்கி நின்றால் சந்தேகமே இல்லை.

மண்ணும் பேசும். இழுத்த கால் பலகையிலிருந்து நீளக் கோடு போடும். க்ரோ ஹாப் செய்தால் கோடு இல்லாமல் கொஞ்சம் தள்ளி தனியாக ஒரு குழி தோண்டியிருக்கும். ஆனால் மண்ணை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். இரு அணிப் பிட்சர்களும் அதே இடத்தில்தான் வீசுகிறார்கள். பலகைக்கு முன்னால் பள்ளம் விழுந்திருந்தால் கால் அதில் இறங்கி ஏறுவதும் ஊன்றியது போலவே தெரியும். ஒரு இன்னிங்ஸ் முடிந்து அடுத்தது தொடங்கும் முன் அதை மூடச் சொல்லுங்கள்.

உறுதியாகப் பார்த்துவிட்டீர்களா? இடது கையைப் பக்கவாட்டில் நீட்டி, விரல்களை மடக்குங்கள். ஆட்டத்தை நிறுத்தாதீர்கள். பேட்டர் அடித்து, அவரும் ஓடுபவர்களும் ஒரு பேஸாவது முன்னேறினால் அந்த ஆட்டத்தின் முடிவு அப்படியே செல்லும். இல்லையென்றால் பேட்டருக்குச் சாதகமாக ஒரு 'பால்' (ball) கணக்கில் சேரும்.

பயிற்சியாளர் வந்து கேட்டால் "குதித்தாள்" என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். "பின்காலை இரண்டடி முன்னால் ஊன்றி, அங்கிருந்து உந்தினாள், கை அப்போது தலைக்கு மேலே இருந்தது" என்று சொல்லுங்கள். அன்று என் மகளிடம் யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் அடுத்த இன்னிங்ஸிலேயே திருத்தியிருப்பாள்.