டர்போவா, சூப்பர்சார்ஜரா? எண்ணூர் சாலையில் ஓட்டுபவர் தேர்ந்தெடுக்கும் முறை

சிலிண்டருக்குள் எவ்வளவு காற்று போகிறதோ, அந்த அளவுக்குத்தான் பெட்ரோலை முழுமையாக எரிக்க முடியும். கடல்மட்டத்தில் இருக்கும் நம் ஊரில் காற்றழுத்தம் ஏறக்குறைய 1 பார். அதன்மேல் 0.5 பார் கூட்டி அழுத்தினால், அழுத்தப்பட்ட காற்றைக் குளிர்வித்தும் அனுப்பினால், அதே சிலிண்டர் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு காற்றை வாங்கிக்கொள்ளும். டர்போசார்ஜர், சூப்பர்சார்ஜர் இரண்டின் வேலையும் இதுவே.

முதல் படியாக, அழுத்தும் விசிறியைச் சுழற்றுவது எது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். சூப்பர்சார்ஜரை, இன்ஜினின் சுழலும் தண்டான கிராங்கிலிருந்து வரும் பெல்ட் சுழற்றுகிறது. ஆகவே மிதித்த கணமே பிக்கப் கிடைக்கும், ஆனால் அதற்கான சக்தியை இன்ஜினே கொடுக்க வேண்டியிருப்பதால் மைலேஜ் குறையும். டர்போவைச் சுழற்றுவது சைலன்சர் வழியே வீணாகப் போகவிருந்த புகை. புகையின் வேகம் கூடும்வரை டர்போ விழித்துக்கொள்ளாது. அந்தத் தாமதத்தையே டர்போ லேக் என்கிறோம். பழைய பென்ஸ் கார் ஒன்றின் பின்புறத்தில் ‘கொம்ப்ரசர்’ என்று எழுதியிருந்தால், அதில் இருப்பது சூப்பர்சார்ஜர்.

இரண்டாவது படி, இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றுகிறது என்று காட்டும் ஆர்.பி.எம். முள்ளை ஒரு வாரம் கவனிப்பது. இதை யாரும் தவிர்க்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கன்டெய்னர் லாரிகளின் பின்னால் ஊர்ந்து போகும்போது முள் பெரும்பாலும் 2,000-ஐத் தாண்டாது. அந்த வேகத்தில் பெரிய டர்போ பயன் தராது. இரண்டு டிரெய்லர்களுக்கு நடுவே இடைவெளி கிடைத்ததும் முந்த நினைத்தால், வேகம் பிடிப்பதற்குள் இடைவெளி மூடிவிடும். சூப்பர்சார்ஜர் அங்கே உடனே இழுக்கும். ஆயினும் தினமும் ஓட்டுபவருக்குப் பெட்ரோல் செலவும் முக்கியம் என்பதால், 1,500 முதல் 2,000 ஆர்.பி.எம்.முக்குள் வேலை தொடங்கும் சிறிய டர்போவுடன் தொழிற்சாலையிலேயே வந்த காரை வாங்குவதையே நான் பரிந்துரைப்பேன். பந்தயத் தளத்தில் மட்டும் ஓட்ட ஒரு காரைத் தயார்செய்பவர் சீரான இழுவைக்காகச் சூப்பர்சார்ஜரைத் தேர்ந்தெடுத்தால் அதில் நியாயம் உண்டு.

மூன்றாவதாக வெப்பத்தையும் தூசியையும் கணக்கில் எடுங்கள். அழுத்திய காற்று சூடாகும். அதைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கு எதிர்க்காற்று வேண்டும். மே மாத வெயிலில் லாரிக்குப் பின்னால் நின்றுகொண்டே இருந்தால் அந்தக் காற்று கிடைக்காது. டர்போவின் இறக்கைகள் நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்பவை, மணல் துகள் பட்டாலும் தேயும். ஆகவே ஏர் ஃபில்டரை, புத்தகத்தில் சொன்ன தவணைக்கு முன்பே பாருங்கள்.

ஆயில் பற்றி ஒரு அனுபவம். நண்பர் ஒருவரின் காருக்கு ஒரு பட்டறையில் டர்போ பொருத்தினார்கள். டர்போவிலிருந்து ஆயில் தன் எடையாலேயே கீழே, இன்ஜினின் அடியில் உள்ள ஆயில் தொட்டியான சம்ப்புக்கு வடிய வேண்டும். அந்தக் குழாயை அவர்கள் வளைத்து மேலேற்றிவிட்டார்கள். ஆயில் தேங்கி, சீல் வழியே கசிந்து, சைலன்சரில் நீலப் புகையாக வந்தது. டர்போ இல்லாமல் வடிவமைத்த இன்ஜினில் கம்ப்ரஷன் விகிதம், அதாவது சிலிண்டருக்குள் கலவை நசுக்கப்படும் அளவு, அதிகமாக இருப்பதால், கலவை தானாகவே வெடிக்கும் நாக்கிங் வந்து பிஸ்டனே உடையும் அபாயமும் உண்டு.

பட்டறையில் பொருத்தப் பணம் கொடுப்பதற்கு முன் சட்டத்தையும் பார்த்துவிடுங்கள். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 52-இன்படி, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்க முடியாது. பிரிவு 182ஏ, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க இடம் தருகிறது.

கடைசியாக ஓட்டிப் பார்ப்பது. எண்ணூர் விரைவுச் சாலை ஓரளவு காலியாக இருக்கும் அதிகாலையில், இரண்டாவது கியரில், 20 கிலோமீட்டர் வேகத்திலிருந்து சீராக மிதியுங்கள். கார் இழுக்கத் தொடங்கும்வரை மனத்துக்குள் எண்ணுங்கள். ஏசியைப் போட்டு, நான்கு பேரை ஏற்றிக்கொண்டு மறுபடியும் எண்ணிப் பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள்.