இ.இ.ஜி. எடுக்க வருகிறீர்களா? எண்ணெய் வைக்காதீர்கள்

இ.இ.ஜி. என்பது தலையில் கம்பிகளை ஒட்டி மூளையின் மின் அலைகளைப் பதிவுசெய்யும் சோதனை; அதை எடுப்பது என் வேலை. முந்தின நாள் ராத்திரியே ஷாம்பு போட்டுத் தலைக்குக் குளித்து, நன்றாகக் காயவைத்து வாருங்கள். "கொஞ்சூண்டுதாம்மா தடவினேன்" என்று சொல்லாத ஆளே கிடையாது. தலையில் வருவது சில பத்து மைக்ரோவோல்ட் சிக்னல். எண்ணெய்ப் பிசுக்கில் கம்பியை ஒட்டும் பேஸ்ட் நழுவினால் அதுவும் கிடைக்காது.

தூங்காமல் வரச் சொல்லியிருந்தால், நிஜமாகவே முழித்திருந்து வாருங்கள். காரணம் இருக்கிறது. மூளையில் குளூட்டமேட் என்ற ரசாயனம் செல்களைத் தூண்டும், காபா என்ற ரசாயனம் அடக்கும். இரண்டும் ஈடுகொடுக்கும்வரை சிக்கல் இல்லை. தூக்கம் கெட்டால் அந்தச் சமநிலை தளரும். ஒளிந்திருக்கும் வலிப்பு அலை அப்போது தலைகாட்டலாம். அது பதிவாக வேண்டும் என்றுதான் இத்தனை பாடு.

ஆனால் பட்டினி கிடக்க வேண்டாம். சர்க்கரை இறங்கினாலும் அலைகள் மாறும். காபி, டீ மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

மாத்திரையை டாக்டர் சொல்லாமல் நிறுத்தவே கூடாது. குடிப்பழக்கம் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். மனைவியை வெளியே அனுப்பிவிட்டுக்கூட நான் கேட்பதுண்டு. தினமும் குடித்தால் சாராயம் காபாவின் பக்கம் சேர்ந்து மூளையை அமுக்கும். மூளையும் சும்மா இருக்காது, நாளாக ஆகத் தூண்டுதலைக் கூட்டி ஈடுகட்டிக்கொள்ளும். திடீரெனக் குடியை நிறுத்தினால் அமுக்கியது போய்விடும், கூட்டிவைத்தது அப்படியே நிற்கும். பெரும்பாலும் முதல் இரண்டு நாளுக்குள் ஃபிட்ஸ் வருவது அதனால்தான். சில தூக்க மாத்திரைகளும் இதே ரகம். ஆகவே குடியை விடுவதையும் டாக்டரிடம் கேட்டே செய்யுங்கள்.

உள்ளே வந்ததும் கண்ணை மூடச் சொல்வேன். பின்மண்டையில் நொடிக்கு 8 முதல் 13 வரை ஆல்ஃபா அலை வரும். அப்புறம் மூன்று நிமிடம் வேகமாக, ஆழமாக மூச்சு விட வேண்டும். ரத்தத்தில் கார்பன்-டை-ஆக்சைடு குறைந்து விரல் மரத்துப்போகும், பயப்படாதீர்கள். குழந்தைகளுக்குக் காகிதக் காற்றாடி கொடுத்து ஊதச் சொல்வேன். திடீரென வெறித்துப் பார்க்கும் வகை வலிப்பு இதில் சட்டென்று பிடிபடும். இதய நோய், கடும் ஆஸ்துமா, சமீபத்தில் பக்கவாதம் இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள், இதைச் செய்ய மாட்டோம். கடைசியில் பளிச்சிடும் விளக்கு.

ரிப்போர்ட் நார்மல் என்று வந்தாலும் வலிப்பு இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். அந்த அரை மணி நேரத்தில் அலை வராமல் போயிருக்கலாம்.

திரும்பும்போது பைக்கைத் தொடாதீர்கள். கூட வந்தவர் ஓட்டட்டும்.