எஃகின் கடினத்தன்மை எண்ணைப் படிப்பதும் அரத்தால் சோதிப்பதும்

எண்ணைப் பார்க்கும் முன் அதோடு ஒட்டியிருக்கும் எழுத்தைப் பாருங்கள். 90 எச்ஆர்பி (ராக்வெல் பி அளவு) பெரிய எண், 60 எச்ஆர்சி (ராக்வெல் சி அளவு) சின்ன எண். ஆனால் விக்கர்ஸ் என்ற இன்னொரு கடினத்தன்மை அளவில் முதலாவது 200-ஐக்கூடத் தொடாது. இரண்டாவது 700-ஐ ஒட்டி நிற்கும்.

காரணம் எளிது. ராக்வெல் சி அளவில் 120 பாகை வைரக் கூம்பு முதலில் 10 கிலோ விசையிலும் பிறகு 150 கிலோவிலும் அழுத்துகிறது. கூடுதலாக இறங்கிய ஒவ்வொரு 0.002 மில்லிமீட்டருக்கும் நூறிலிருந்து ஒரு புள்ளி கழியும். 60 எச்ஆர்சி என்றால் 0.08 மி.மீ. பள்ளம். பி அளவில் 1/16 அங்குலக் குண்டும் 100 கிலோவும். பித்தளைக்கும் மென் எஃகுக்கும் அது போதும். வார்ப்புகளுக்கு பிரினெல் என்ற அளவு, மெல்லிய மேற்பூச்சுக்கு விக்கர்ஸ்.

இயந்திரம் இல்லையா? 40 முதல் 65 எச்ஆர்சி வரை ஐந்து ஐந்தாக ஏறும் சோதனை அரங்களின் தொகுப்பு ஒன்றை வாங்கிவிடுங்கள். சாதாரண அரத்தால் ஊகிப்பதைவிட இதுவே எனக்குப் பிடிக்கும். விளிம்பில் லேசாக, மெதுவாக இழுங்கள். 55 வழுக்கி, 60 பிடித்தால் எஃகு இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.

நான் தடுமாறியது இங்கேதான். கத்தி ஒன்றைத் திறந்த உலையில் காய்ச்சி எண்ணெயில் முக்கினேன். அரம் நன்றாகவே கடித்தது. கடினமாகவில்லை என்று நினைத்து மறுபடி காய்ச்சி முக்கினேன். கத்தி வளைந்துவிட்டது, அரம் அப்போதும் கடித்தது. உண்மையில் முதல் தடவையே உள்ளே சரியாக இறுகியிருந்தது. சூட்டில் மேல்தோலிலிருந்த கார்பன் காற்றோடு சேர்ந்து போய்விட்டதால் தோல் மட்டும் மென்மையாக இருந்திருக்கிறது. அதைத் தேய்த்து எடுத்ததும் அரம் கண்ணாடிமேல் போல வழுக்கியது. அதனால் ஒரே தடத்தில் பலமுறை இழுங்கள். முதலில் கடித்து அப்புறம் வழுக்கினால், மறுபடி காய்ச்சாதீர்கள், தோலைத் தேயுங்கள்.

பிற்சேர்க்கை: தன் இரும்புத் தண்டுக்கு 12 எச்ஆர்சி வந்ததாக ஒருவர் எழுதியிருந்தார். 20-க்குக் கீழே சி அளவை நம்ப வேண்டாம், பி-க்கு மாறுங்கள். மேலும், உருண்டையான தண்டின் முதுகில் அழுத்தினால் எண் குறைவாகவே வரும். ஒரு பக்கத்தைச் சூடேறாமல் தட்டையாகத் தேய்த்துவிட்டு அளந்து பாருங்கள்.