அறுபதுக்கு மேல் எடைக்குறைப்பு ஆபரேஷன்: சரி சொல்லும் முன் பார்க்க வேண்டியவை

"இந்த வயசுல வயித்த வெட்டிக்கலாமா?" பென்னாகரம் பக்கம் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். எங்கள் அக்கா இதைச் செய்துகொண்ட பிறகு பலரும் என்னிடம் இப்படிக் கேட்கிறார்கள். வயது மட்டுமே தடை இல்லை. பேரியாட்ரிக் சர்ஜன்களின், அதாவது எடைக்குறைப்பு ஆபரேஷன் செய்பவர்களின், சங்கங்கள் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலும் வயதுக்கு உச்சவரம்பு கிடையாது, உடம்பு எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்பதைத்தான் பார்க்கச் சொல்கிறார்கள். அறுபதைத் தாண்டியவர்கள் எத்தனை கிலோ குறையும் என்று கேட்பதற்கு முன்னால், எந்தக் காரியத்துக்காகக் குறைக்கிறோம், அந்தக் காரியத்தைச் செய்யத் தசை மிஞ்சுமா என்று கேட்க வேண்டும்.

முதலில் அந்தக் காரியத்தை ஒரு தாளில் எழுதுங்கள். "ஒல்லியாகணும்" என்று எழுத வேண்டாம். அக்கா இரண்டு எழுதினாள்: தீர்த்தமலைக் கோயில் படி ஏறணும், ராத்திரி மூச்சு முட்டாமல் தூங்கணும். டாக்டரிடம் கேட்ட ஒவ்வொரு கேள்வியையும் இந்த இரண்டோடு பொருத்திப் பார்த்தோம்.

அடுத்து கணக்கு. எடையைக் கிலோவில் எடுத்து, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் பி.எம்.ஐ. வரும், உயரத்துக்கு எடை எவ்வளவு அதிகம் என்று காட்டும் எண் அது. அக்கா 152 சென்டிமீட்டர், 88 கிலோ. 88-ஐ 1.52-ஆல் வகுத்து, வந்ததை மறுபடி 1.52-ஆல் வகுத்தால் 38. நம் நாட்டு சர்ஜன்கள் நெடுநாளாக வைத்திருக்கும் வரம்பு 37.5, சுகர் போன்ற நோய் கூட இருந்தால் 32.5. புதிய வழிகாட்டுதல் இதையும் இன்னும் தளர்த்தியிருக்கிறது. ஆனால் இன்சூரன்ஸ்காரர்களின் கோடு வேறு: 40 இருக்க வேண்டும், இல்லாவிட்டால் 35-ஓடு இதய நோய், கடுமையான தூக்க மூச்சடைப்பு, கட்டுக்குள் வராத சுகர் மாதிரி ஏதாவது இருக்க வேண்டும். டாக்டர் தகுதி என்று சொன்ன ஆளைப் பாலிசி தகுதி இல்லை என்று சொல்வது இந்த இடைவெளியில்தான். அதனால் தூக்கப் பரிசோதனை, ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சுகர் சராசரி) ரிப்போர்ட் எல்லாம் கையில் இருக்கட்டும். தனியாரில் செலவு சில லட்சம் ஆகும். எழுத்தில் ஒப்புதல் வரும் முன் நிலத்தையோ நகையையோ தொடாதீர்கள்.

முழங்கால் வலிக்காகத்தான் போகிறீர்கள் என்றால் கொஞ்சம் நில்லுங்கள். எடையில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடிக்கும் முழங்காலில் விழும் பாரம் நாலு கிலோ போலக் குறையும், அது உண்மை. தேய்ந்த மூட்டு திரும்ப வளராது என்பதும் உண்மை. நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இன்னொன்றும் இருக்கிறது. ஒகேனக்கல் குடிநீர் வருவதற்கு முன் ஃப்ளோரைடு அதிகமான ஆழ்குழாய்த் தண்ணீரைத்தான் தலைமுறை தலைமுறையாகக் குடித்தோம். அதனால் வரும் ஃப்ளோரோசிஸ் என்ற நோயும் மூட்டையும் முதுகையும் இறுக்கும். பல்லில் பழுப்புக் கறை இருக்கிறதா, தாடை நெஞ்சைத் தொடுகிறதா, இரண்டு கையையும் பிடரிக்குப் பின்னால் கோக்க முடிகிறதா, குனிந்து கால்விரலைத் தொட முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் ஃப்ளோரோசிஸ்தான் என்று நீங்களே முடிவு கட்டிவிட வேண்டாம், முன்கை எக்ஸ்ரே எடுக்க வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். எங்கள் தெருவில் எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவர் கால் வலி போகும் என்று நம்பி ஆபரேஷனுக்குத் தயாரானார். எக்ஸ்ரேயில் ஃப்ளோரோசிஸ் தெரிந்தது, தசையும் மிகவும் குறைந்திருந்தது. வேண்டாம் என்று முடிவெடுத்தார். அது நல்ல முடிவு என்று இன்றும் சொல்வேன்.

சுகருக்காகப் போகிறவர்களுக்கும் ஒன்று. வந்து சில வருஷமே ஆன, மாத்திரையோடு நிற்கும் சுகர் இதில் அடங்க நல்ல வாய்ப்பு உண்டு. பத்து வருஷம் தாண்டி இன்சுலின் போடுகிறவர்களுக்கு டோஸ் குறையலாம், முழுக்க நிற்பது கடினம். சி-பெப்டைடு என்ற ரத்தப் பரிசோதனை செய்தால் கணையத்தில் எவ்வளவு இன்சுலின் மிச்சம் என்று ஓரளவு தெரியும்.

இனி தசை. நான் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். வேகமாக எடை குறையும்போது கொழுப்போடு தசையும் எலும்பின் பலமும் சேர்ந்து போகும். முப்பது வயதில் அதைத் திரும்பச் சேர்க்கலாம். எழுபதில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் இளைத்ததால் என்ன பிரயோஜனம்? கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, ஐந்து முறை எழுந்து உட்காருங்கள். பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் தசை பலம் போதாது என்பதற்கு அது ஒரு அறிகுறி. அக்கா மூன்றாவது முறையிலேயே கட்டிய கையை அவிழ்த்துத் தொடையில் ஊன்றினாள். "போதும்டி, மூச்சு வாங்குது" என்றாள். அன்றே ஆபரேஷன் தேதியைத் தள்ளி வைத்தோம். பிசியோதெரபி, தினமும் நாற்காலிப் பயிற்சி, முட்டை, பயறு என்று சில மாதம் போனது. தூக்கப் பரிசோதனையில் மூச்சடைப்பு தெரிந்ததால் தூக்கத்தில் முகமூடி வழியாகக் காற்றை அழுத்தித் தரும் சிபாப் மெஷினும் வைத்தார்கள். எழுந்து உட்காருவது கைவந்த பிறகுதான் சர்ஜனிடம் திரும்பப் போனோம்.

இந்த ஆபரேஷனில் ஸ்லீவ், பைபாஸ் என்று முக்கியமாக இரண்டு வகை. எது என்பதில் எண்டோஸ்கோபி (குழாய் விட்டு இரைப்பையைப் பார்ப்பது) பார்க்காமல் பேச்சு வேண்டாம். ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பாகத்துக்கு மேல் வெட்டி எடுத்துவிடுவார்கள், அதைத் திரும்ப வைக்க முடியாது. நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு அது கூடலாம். பைபாஸில் இரைப்பையைச் சின்னப் பையாக்கிக் குடலோடு இணைப்பார்கள்; சத்து உறிஞ்சுவது குறையும், குடல் இணைப்பில் புண் வரும் அபாயம் உண்டு. அதனால் டிக்லோஃபெனாக் மாதிரி வலி மாத்திரையை அதன் பிறகு தொடக் கூடாது. மூட்டு வலிக்குத் தினம் அதைப் போட்டே பழகியவர்களுக்கு இது பெரிய விஷயம். வெற்றிலையோடு புகையிலை போடும் அம்மாக்களும் ஆபரேஷனுக்குப் பல வாரம் முன்பே அதை விட்டுவிட வேண்டும். தையலில் கசிவு, ரத்தப்போக்கு, காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போவது எல்லாம் அரிதுதான், ஆனால் வயது ஏற ஏற ஆபத்தும் ஏறும். "என் வயதில் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள், அவர்களில் எத்தனை பேர் திரும்ப அட்மிட் ஆனார்கள்?" என்று நேருக்கு நேர் கேளுங்கள். நல்ல சர்ஜன் கோபப்பட மாட்டார்.

2025-இல் நம் நாட்டுக்கு வந்த மவுஞ்சாரோ, வீகோவி என்ற எடை குறைக்கும் ஊசிகளைப் பற்றியும் அதே டாக்டரிடம் கேட்கலாம். கத்தி இல்லை என்பது பெரிய வசதி. ஆனால் நிறுத்தினால் பெரும்பாலும் எடை திரும்பும், தசை குறையும் கவலை அதிலும் உண்டு.

சாப்பாட்டை நினைத்துப் பாருங்கள். நாம் களியை மெல்லுவதில்லை, குழம்பில் தொட்டு உருண்டையாக விழுங்குவோம். ஆபரேஷனுக்குப் பிறகு அது நடக்காது. முதலில் நீராகாரம், பிறகு கூழ்ப்பதம், அப்புறம்தான் மெல்லும் உணவு, அதுவும் ஒவ்வொரு வாயையும் மாவாகும் வரை மென்று. சாப்பாட்டோடு தண்ணீர் கிடையாது. ஒரு நாளைக்கு 60 கிராமுக்குக் குறையாமல் புரதம் வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் இருப்பது ஏழு கிராம் சொச்சம்தான். கொள்ளு ரசத்தின் தெளிவில் புரதம் அதிகம் இறங்காது, கொள்ளைக் கடைந்தே கொடுங்கள். பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகள் ஆயுள் முழுக்க வேண்டும். ரத்தப் பரிசோதனைக்கும் தவறாமல் போக வேண்டும். தொப்பூர் கணவாய் தாண்டி சேலத்துக்கோ, ஓசூர் வழியாகப் பெங்களூருக்கோ வருஷக்கணக்கில் கூட்டிப்போக வீட்டில் யார் என்று இப்போதே பெயர் சொல்லிக் கேளுங்கள். பெயர் வரவில்லை என்றால் முடிவைத் தள்ளிப்போடுங்கள்.

மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் 2021-இல் நம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. சுகர், பிரஷர் மாத்திரை அதன் மூலம் வீட்டுக்கு வருகிறதென்றால், ஆபரேஷன் விவரத்தை அதைக் கொண்டுவரும் தன்னார்வலரிடமும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் உடனே சொல்லுங்கள். எடை இறங்கும்போது பழைய டோஸையே போட்டால் சுகர் தாழ்ந்து மயக்கம் வரும். அக்காவுக்கு முதல் மாதத்திலேயே இன்சுலினைப் பாதிக்கு மேல் குறைத்தார்கள். முழுக்க நிற்கவில்லை, நிற்காது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். சிபாப் இல்லாமல் தூங்குகிறாள். தீர்த்தமலையில் பாதி வரை போய் வந்தாள்.

கடைசியாக, பர்ஸில் ஒரு அட்டை வையுங்கள். என்ன ஆபரேஷன், எந்தத் தேதி, சர்ஜனின் போன் நம்பர், "டிக்லோஃபெனாக், இபுப்ரொஃபென் கூடாது" எல்லாம் அதில் இருக்கட்டும். கீழே பெரிய எழுத்தில் இதை எழுதுங்கள்: "வாந்தி நிற்காமல் வந்தால், குளுக்கோஸ் பாட்டில் ஏற்றும் முன் தையமின் ஊசி போடவும்." தையமின் என்ற பி1 சத்து வறண்ட உடம்பில் வெறும் குளுக்கோஸ் ஏறினால் மூளை பாதிக்கப்படலாம். ராத்திரியில் பக்கத்து கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடும்போது இதையெல்லாம் யாருக்கும் விளக்கிச் சொல்ல முடியாது. காய்ச்சல், படபடப்பு, மூச்சுத் திணறல், ஒரு கால் மட்டும் வீக்கம் இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். அந்த அட்டையின் நகல் ஒன்று வீட்டு பிரிட்ஜ் கதவிலும் இருக்கட்டும்.