சாயப்பட்டறைக் கொதிகலனும் அதற்கு ஊட்டும் நீரும்

திருப்பூர்ச் சாயப்பட்டறைகளில் விறகில் எரியும் புகைக்குழாய்க் கொதிகலனை இயக்குபவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். இவ்வகைக் கொதிகலனில் நெருப்பும் புகையும் குழாய்களுக்கு உள்ளே செல்ல, நீர் அவற்றின் வெளிப்புறத்தைச் சூழ்ந்து நிற்கிறது. குழாயின் உள்ளே படியும் கரியைப் பிரஷ் விட்டுத் தேய்த்து எடுத்துவிடலாம். வெளிப்புறத்தில் படியும் சுண்ணாம்புப் படிவை எந்தப் பிரஷும் எட்டாது என்பதால், அதை நீர் உள்ளே போகும் முன்பே தடுத்தாக வேண்டும்.

அந்த வேலையைச் செய்வது, நீரின் கடினத்தன்மையை நீக்கும் சாஃப்ட்னர். ஷிப்ட் தொடங்கியதும் அதன் வெளிவாயில் நீரைப் பிடித்து, பஃபர் கரைசலும் இண்டிகேட்டரும் சேர்த்துப் பாருங்கள். நிறம் தெளிந்த நீலமாக இருந்தால் நீர் மென்னீர். ஒயின் சிவப்பு எட்டிப் பார்த்தாலும், சாஃப்ட்னருக்குள் கடினத்தை வாங்கிக்கொள்ளும் ரெசின் மணிகள் களைத்துவிட்டன என்று பொருள். உடனே பேக்வாஷ் செய்து (நீரை எதிர்த்திசையில் செலுத்திக் கழுவி), சுமார் பத்து சதவீத உப்புக் கரைசலை அரை மணி நேரம் மெதுவாகச் செலுத்தி, உப்பு முழுதும் வெளியேறும்வரை கழுவிய பிறகே நீரைத் தொட்டிக்கு விட வேண்டும். அவசரத்தில் கழுவலைக் குறைத்தால் அத்தனை உப்பும் கொதிகலனுக்குள் போய்ச் சேரும்.

சாஃப்ட்னர் டிடிஎஸ்ஸையும் (நீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவையும்) குறைத்துவிடும் என்று நம்புவோர் பலர் உள்ளனர். அது கால்சியத்தை வாங்கிக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கிறதே தவிர, கரைந்த உப்பின் அளவைக் குறைப்பதில்லை. நீராவி தனியே பிரிந்து போக, உப்பு உள்ளேயே தங்கிச் செறிவதால், கொதிகலன் நீரில் ஒரு பகுதியை வெளியேற்றும் புளோடவுன் தேவைப்படுகிறது. ஊட்டுநீரின் டிடிஎஸ் 300, கொதிகலன் நீருக்கு நீங்கள் வைத்த எல்லை 3300 என்றால், 300ஐ இரண்டுக்கும் உள்ள வித்தியாசமான 3000ஆல் வகுக்க, வெளியேற்ற வேண்டிய அளவு நீராவியில் பத்து சதவீதம் என்று கிடைக்கும். மணிக்கு 3 டன் நீராவி எடுக்கும் கொதிகலனில் அது 300 கிலோ. இதை ஒரே மூச்சில் வெளியேற்றாமல், சிறுசிறு தடவைகளாக, நீர்மட்டக் கண்ணாடியைப் பார்த்தபடியே திறந்து மூடுங்கள்.

சாயமெஷின்களிலிருந்து திரும்பும் கண்டன்சேட் (நீராவி குளிர்ந்து மாறிய நீர்) சூடானது, தூயது, விறகை மிச்சப்படுத்துவது. ஆனால் மெஷினின் காயிலில், அதாவது நீராவி ஓடும் சுருள்குழாயில், ஊசித்துளை விழுந்திருந்தால், நீராவியை நிறுத்தியதும் காயில் குளிர்ந்து சாயநீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆகவே நிறம் தெரியும்வரை காத்திராமல், டிடிஎஸ் உயர்ந்த உடனே அந்தக் குழாய்வழியைச் சாக்கடைக்குத் திருப்ப வேண்டும். ஊட்டுநீர்த் தொட்டியை 85 டிகிரிக்கு மேல் வைத்தால் குழாயை அரிக்கும் ஆக்சிஜனில் பெரும்பகுதி பறந்துவிடும்; எஞ்சியதற்குச் சோடியம் சல்ஃபைட் போடலாம். ஒரு பங்கு ஆக்சிஜனுக்கு எட்டுப் பங்கு சல்ஃபைட் செலவாகும்.

நீர்மட்டக் கண்ணாடியை ஒவ்வொரு ஷிப்டிலும் சோதிப்பது கட்டாயம். கண்ணாடிக்கு நீர் வரும் வால்வை மூடி வடிகாலைத் திறந்தால் நீராவி வேகமாகச் சீற வேண்டும்; அடுத்து நீராவி வரும் வால்வை மூடி நீர் வால்வைத் திறந்தால் நீர் பாய வேண்டும். பின்னர் வடிகாலை மூடி, நீராவி வால்வைத் திறந்ததும் மட்டம் சட்டென்று பழைய இடத்துக்கு வர வேண்டும். தயங்கித் தயங்கி வந்தால் வழி அடைபட்டிருக்கிறது.

கண்ணாடியில் நீரே தெரியாமல், எவ்வளவு நேரமாக அப்படி இருக்கிறது என்பதும் தெரியாவிட்டால், ஃபீட் பம்பைத் தொடாதீர்கள். பழுத்த இரும்பில் நீர் பட்டால் கணத்தில் ஆவியாகி அழுத்தம் எகிறும். ஃபேன்களை நிறுத்தி, விறகு போடுவதை நிறுத்தி, ஈரச் சாம்பலால் நெருப்பை மூடுங்கள். சேஃப்டி வால்வைத் தூக்க வேண்டாம். கொதிகலன் தானாக ஆறி, தகுதியுள்ளவர் குழாய்களைப் பார்த்துச் சொன்ன பிறகே மீண்டும் நீர் ஏற்ற வேண்டும்.