ஆத்தங்குடிக் கல்லும் தோழி தந்த ஆசிட்டும்

ஐப்பசி அடைமழையில் எங்கள் காரைக்குடி வீட்டு முகப்பில், ஆத்தங்குடிக் கல் என்கிற பூப்போட்ட சிமெண்ட் ஓடு பதித்த தரையெங்கும் சேற்றுக்கால் தடம். எதிர்வீட்டுத் தோழி பார்த்துவிட்டு, "இதைப் போட்டுத் தேய்டி, பளிச்சுனு ஆயிடும்" என்று பாத்ரூம் கழுவும் ஆசிட்டைக் கொண்டுவந்து தந்தாள். தேய்த்த இடத்தில் நுரை பொங்கியது. காய்ந்ததும் சிவப்புப் பூவெல்லாம் சாம்பல் பூத்த மாதிரி வெளுத்துக் கிடந்தது. அழுதுவிட்டேன். அப்பத்தா நடந்த தரை அது.

ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டதல்ல. கண்ணாடி மேல் வண்ணச் சிமெண்ட் கலவையை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் வைத்து அமுக்கி, தண்ணீரில் ஊறப்போட்டு எடுப்பது. சிமெண்டை ஆசிட் அரித்துவிடும்.

நல்ல தண்ணீரில் நாலு தடவை அலசினேன். மழை விட்டுத் தரை காய இரண்டு நாள் ஆனது. அப்புறம் பழைய வேட்டித் துணியில் நாலைந்து சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டு, கையகலம் கையகலமாகத் தேய்த்தேன். மூன்று வாரம், தினமும். சிவப்பு திரும்பிவிட்டது, வாசலோரம் இரண்டு கல்லில் மட்டும் வெளுப்பு இன்னும் தெரிகிறது.

அவளிடம் சொல்வதா வேண்டாமா என்பதுதான் பெரிய தவிப்பு. ஆசையாகக் கொடுத்தவள் மனசு நோகுமே. ஆனால் அவள் வீட்டிலும் அதே தரை. கூட்டிவந்து அந்த இரண்டு கல்லைக் காட்டினேன். "ஏன்டி முன்னாடியே சொல்லல?" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். மறுநாள் காலை துணியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்து தேய்த்தாள்.