எல்லையோரப் பயணத்தில் வாங்க வேண்டிய வாழ்க்கை வரலாறுகள்

திருவனந்தபுரத்தில் விமானம் இறங்கி, நாகர்கோவில், செங்கோட்டை, கம்பம் பக்கத்து உறவினர் வீடுகளுக்குச் செல்லும் வெளிநாட்டுத் தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் ஊர் திரும்புவதற்கு முந்தைய மாலையில்தான் புத்தகக் கடைக்குப் போகின்றன. அந்த நேரத்தில் பெட்டியின் எடையைத் தவிர வேறு யோசனை இருக்காது. வாழ்க்கை வரலாற்று நூல்களையாவது வந்த முதல் இரண்டு மூன்று நாட்களுக்குள் வாங்கிவிடுவது நல்லது. இந்தத் தமிழ்நாடு-கேரள எல்லையோரப் பகுதியில், நூலில் வரும் மனிதர் பிறந்த ஊரும் அடக்கம் செய்யப்பட்ட இடமும் பல வேளைகளில் ஒரே பகலில் சென்று திரும்பும் தொலைவிலேயே உள்ளன. அவர் கதையைப் படித்துவிட்டு அங்கே போய் நிற்கும் பிள்ளைக்கு அந்த இடம் வெறும் கல்லாகவும் சுவராகவும் தெரியாது.

பயணத்தை விமான நிலையத்துக்கு அருகிலேயே தொடங்கலாம். 1963 நவம்பர் 21 அன்று இந்திய மண்ணிலிருந்து முதல் ராக்கெட் ஏவப்பட்ட தும்பாவில், அக்காலத்தில் அலுவலகமாகப் பயன்பட்ட புனித மரிய மதலேனாள் தேவாலயம் இன்று விண்வெளி அருங்காட்சியகமாக இருக்கிறது. அப்துல் கலாமின் தன்வரலாறான 'அக்னிச் சிறகுகள்' தமிழில் எளிதாகக் கிடைக்கும். பதின்ம வயதுப் பிள்ளைகள் முழு நூலையும் படிக்க மலைத்தால், தும்பாவைப் பற்றிய பகுதியை மட்டும் முந்தைய இரவில் உரக்க வாசித்துக் காட்டுங்கள். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்போர் அதைக் கையோடு எடுத்துச் செல்வதுடன், அனுமதி விதிகளையும் பார்வை நேரத்தையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

நாகர்கோவிலுக்குப் போகும் வழியில் தக்கலைப் பகுதிக்கு ஒரு முழுப் பகல் ஒதுக்குங்கள். திருவிதாங்கூரின் பழைய தலைநகரான பத்மநாபபுரத்தின் அரண்மனை தமிழ்நாட்டுக்குள் இருந்தாலும், அதைப் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை, திங்கட்கிழமைகளில் விடுமுறை. அருகிலுள்ள உதயகிரிக் கோட்டைக்குள் டி லனாய் என்னும் படைத்தலைவரின் கல்லறை இருக்கிறது. 1741இல் குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் பிடிபட்ட டச்சுக் கம்பெனி அதிகாரி அவர். பிறகு அதே மன்னரின் படைக்குப் பயிற்சியளித்து, 'வலிய கப்பித்தான்' என்று பெயர் பெற்று, 1777இல் மறைந்தார். கல்லறையில் லத்தீனிலும் தமிழிலும் பொறித்திருக்கிறார்கள்; பிள்ளைகள் தமிழ் எழுத்துகளைத் தாமே கூட்டிப் படிக்க முயலட்டும்.

இவரிடமிருந்துதான், நட்டாலத்தில் 1712இல் பிறந்த, மார்த்தாண்ட வர்மாவின் அரண்மனை அலுவலரான நீலகண்ட பிள்ளை கிறிஸ்தவ நெறியை அறிந்து, வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று, தேவசகாயம் ஆனார். 1752இல் ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். உடல் கோட்டாறு தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. 2022இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். டி லனாயைப் பற்றி ஒரு நூலும் தேவசகாயத்தைப் பற்றி ஒரு நூலும் வாங்கி, வீட்டில் இருவர் ஆளுக்கு ஒன்றாகப் படித்தால், ஒரே அரசவை இரண்டு கோணங்களில் தெரியத் தொடங்கும். சமயச் சார்புள்ள வெளியீடு பக்திக்காக எழுதப்பட்டது, வரலாற்றாய்வு ஆவணத்துக்காக எழுதப்பட்டது என்னும் வேறுபாட்டைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குப் புரியவைக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இப்பகுதியில் இல்லை. சமய, சமூகச் சீர்திருத்தவாதியான சாமித்தோப்பு அய்யா வைகுண்டரைப் பற்றிப் படிப்போரும் இதை நினைவில் கொள்ள வேண்டும்: அகிலத்திரட்டு அம்மானை வழிபாட்டுக்குரிய நூல்; பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக 1859 அரச அறிவிப்பு வரை நீண்ட தோள்சீலைப் போராட்டத்தை அறிய விரும்புவோர் தனியாக ஒரு வரலாற்று நூலையும் தேட வேண்டும்.

வாங்கும்போது எதைப் பார்ப்பது என்று கேட்டால், முதலில் பதிப்பு விவரம் உள்ள பக்கத்தையும் கடைசிப் பக்கங்களையும் புரட்டுங்கள். முதற்பதிப்பின் ஆண்டு, படங்களுக்கு விளக்கம், நிகழ்ச்சிகளுக்கு ஆண்டும் இடமும், எடுத்தாண்ட நூல்களின் பட்டியல் ஆகியவை இருந்தால் நம்பி வாங்கலாம். பேருந்து நிலையக் கடைகளில் அடுக்கியிருக்கும் மலிவான 'மாமனிதர்' வரிசைகள் பலவற்றில் தலைவர் பிறக்கும்போதே மேதையாகப் பிறந்து, யாரோடும் முரண்படாமல் வாழ்ந்து மறைந்துவிடுகிறார். அவற்றைப் பிள்ளைகள் பாதியில் மூடி வைப்பதில் வியப்பில்லை. தமிழை மெதுவாகப் படிக்கும் பிள்ளைகளுக்கு நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிடும் படங்களுடன் கூடிய சிறு நூல்களும், பாரதி புத்தகாலயத்தின் சிறுவர் நூல்களும் பொருந்தும். பெரியவர்களுக்கு சாகித்திய அகாதெமியின் 'இந்திய இலக்கியச் சிற்பிகள்' வரிசை அளவாகவும் அடக்கமான நடையிலும் இருக்கும்.

நாகர்கோவிலைச் சுற்றியுள்ள ஊர்களில் எழுத்தோடு தொடர்புடைய பிறப்பிடங்கள் நெருங்கிக் கிடக்கின்றன. தேரூரில் 1876இல் பிறந்த கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையைக் குழந்தைப் பாடல்களால் மட்டும் அறிந்தவர்கள், அவர் கல்வெட்டு ஆராய்ச்சியாளராகவும் இருந்தார் என்பதைப் படித்து வியப்பார்கள். அவருடைய 'ஆசிய ஜோதி' புத்தரின் வாழ்க்கையைச் செய்யுளில் சொல்வது, உரக்கப் படிப்பதற்கு மிகவும் ஏற்றது. பூதப்பாண்டியில் 1907இல் பிறந்த பொதுவுடைமைத் தலைவர் ப. ஜீவானந்தத்தைப் பற்றிப் பல நூல்கள் உண்டு. ஆயினும் அவர் மறைவையொட்டி சுந்தர ராமசாமி எழுதிய 'காற்றில் கலந்த பேரோசை' ஒரு மனிதரைப் புகழ்ச்சிச் சொற்களில் மூழ்கடிக்காமல் நேசத்தோடு எழுதுவது எப்படி என்பதைக் காட்டுகிறது. முதலில் அதைத்தான் படிக்கச் சொல்வேன். கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனும் நாகர்கோவில்காரரே.

கன்னியாகுமரி மாவட்டமும் செங்கோட்டைப் பகுதியும் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தவை. இப்பகுதியைத் தமிழ்நாட்டோடு இணைக்கப் போராடிய மார்ஷல் நேசமணியின் வாழ்க்கையைப் படிக்கும் பெரியவர்கள், 1954இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்த துப்பாக்கிச் சூட்டையும் அதன் பின்னணியையும் அறிந்துகொள்வார்கள். அதே காலத்தை மலையாளத் தரப்பு எழுதியதையும், ஆங்கிலத்தில் கிடைத்தாலும் போதும், உடன் வைத்துப் படியுங்கள்.

வடக்கே செல்வோருக்குச் செங்கோட்டையில் வாஞ்சிநாதன் மணிமண்டபமும், கம்பத்தைத் தாண்டி லோயர் கேம்ப்பில் பென்னிகுவிக் மணிமண்டபமும் உண்டு. 1895இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுவிக், சொந்தச் சொத்தை விற்றுப் பணம் போட்டார் என்னும் கதையைப் பகுதி மக்கள் உணர்ச்சியோடு சொல்வார்கள். அவர்களிடம் வாதாட வேண்டாம். ஆனால் வாங்கும் நூல் அதற்கு ஆவணம் காட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைகளைப் பொறுத்தவரை, காலச்சுவடு பதிப்பகம் நாகர்கோவிலிலிருந்தே இயங்குகிறது. ஆண்டுதோறும் மாவட்டங்களில் நடக்கும் புத்தகத் திருவிழாக்களின் நாட்களை உறவினரிடம் கேட்டுக்கொண்டு பயணத்தை அமைத்தால், சிறு பதிப்பகங்களின் நூல்களும் ஒரே இடத்தில் அகப்படும்; அங்கே தள்ளுபடியும் வழக்கம். அச்சு நூல்களுக்கு ஜிஎஸ்டி கிடையாது என்பதால் அட்டையில் உள்ள விலைக்கு மேல் கொடுக்க வேண்டியதில்லை. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் கடந்தால் பதிப்புரிமை முடிந்துவிடும்; கவிமணி, ஜீவானந்தம் போன்றோரின் சொந்தப் படைப்புகளைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் தேடிப் பார்த்துவிட்டு, அங்கே கிடைப்பவற்றை விட்டு, கிடைக்காத புதிய ஆய்வு நூல்களுக்குப் பெட்டியில் இடம் வையுங்கள். கனமான நூல்களைக் கைப்பையில் வைப்பதற்கு முன், உங்கள் விமான நிறுவனம் கைப்பையின் எடையையும் நிறுத்துப் பார்க்குமா என்று கேட்டுவிடுங்கள்.